ஜெபித்துத் தொடங்கியது நின்றுபோனால்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 39. மனைவியும் 9 வயது மகளும் இருக்கிறார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி மையம் தொடங்கினேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. மாதக்கணக்கில் ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வசனம் மூன்று பேர் மூலமாக, ஒருவருக்கொருவர் தெரியாமலே, என்னிடம் வந்தது. இது தேவசித்தம் என்று உறுதியாக நம்பினேன்.

மையத்தை மூடிவிட்டேன். வாடகை ஏறியது, இரண்டு ஆசிரியைகள் ஒரே சமயத்தில் விலகினார்கள், இப்போது கடன்தான் மிச்சம். சபையில் ஒருவர் விசுவாசம் போதவில்லை என்கிறார். இன்னொருவர், மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்கிறார். மற்றவர்கள், இதைவிடப் பெரிதாக வைத்திருக்கிறார் என்கிறார்கள். என் மனைவி இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை, அதுதான் அதிகமாக வலிக்கிறது. மகள், "நாம ஜெபம் பண்ணினோமே அப்பா, இயேசப்பாவுக்குக் கேக்கலையா?" என்று கேட்டாள். வாயடைத்துப் போனேன்.

விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. சபையில் வேதபாட வகுப்பு எடுப்பவன் நான். பழைய துறையிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் அழைப்பை விட்டு ஓடிப்போனதாக ஆகிவிடுமா? நான் கேட்டது தவறா, அவர் சொன்னது தவறா? இனி எதை வைத்து அவரை நம்புவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் பெரிய கேள்விகள் பல இருக்கின்றன. ஆனால் படித்ததும் என் கண் நின்றது அந்த விடியற்காலை 3 மணியில்தான். எத்தனை நாளாக இப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் கெடுவது, பசி குறைவது, பிடித்தவற்றில்கூட மனம் ஒட்டாமல் போவது, எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, இவை பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். விடியும் முன்பே விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வில் அடிக்கடி காணப்படும் அறிகுறி. அப்படி இருந்தால், ஜெபத்தில் வார்த்தை வராததை வைத்து உங்கள் விசுவாசத்தை எடைபோடாதீர்கள். அந்த நிலையில் இருப்பவருக்குச் செய்தித்தாளில் ஒரு பத்தி படிப்பதே பாடு. செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வேதபாடம் எடுப்பவருக்கு எலியா தீர்க்கதரிசியை நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. இருந்தாலும் 1 இராஜாக்கள் 19-ஐ ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி, இங்கே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டுகிறார். அங்கே வந்த தூதன் அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே அப்புறம், ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. உடம்பைக் கவனித்தபிறகு பேச்சு. நானும் அந்த வரிசையையே உங்களுக்குச் சொல்வேன்.

சரி, இப்போது அந்த வசனத்துக்கு வருவோம். நான் போதகர் அல்ல, மனநல ஆலோசகர், அதோடு ஒரு விசுவாசி. வியாக்கியானம் செய்வது என் வேலையில்லை. ஆனாலும் ஒடிந்துபோய் வருகிறவர்கள் கையில் நான் அதிகமாகப் பார்க்கும் வசனம் எரேமியா 29:11 என்பதால் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

அது எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. கி.மு. 597-ஐ ஒட்டி பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோனான். அவர்கள் எல்லாருடைய மனதிலும் ஒரே கேள்வி, எப்போது வீடு திரும்புவோம் என்பதுதான். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான்: இரண்டே வருஷம், எல்லாம் திரும்ப வரும். கர்த்தர் சொல்கிறார் என்றே சொல்கிறான். எரேமியா அதற்கு முதலில் சொன்ன பதில் எனக்கு எப்போதும் வியப்புதான். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அது நடந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது. பிறகு வந்த செய்தி வேறு. 70 வருஷம்.

70 வருஷம் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது உங்கள் வயதில் ஒருவர் அங்கே நின்றிருந்தால், அவர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. 11-ஆம் வசனத்தை அவரும்தான் கேட்டார். அது அவருக்கும் சொன்னதுதான். ஆனால் அவர் மனதில் வைத்திருந்த திட்டத்துக்கு அது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் 5-ஆம் வசனத்திலிருந்து என்ன சொல்லியிருக்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் போக விரும்பாத அந்த ஊரின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். வாக்குத்தத்த அட்டைகளில் இந்தப் பகுதியை அச்சடிப்பதில்லை. அனனியாவின் இரண்டு வருஷத்தை எரேமியாவின் பெயரில் அச்சடித்து விநியோகிக்கிறோமோ என்றுகூட எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

உங்களுக்கு அந்த வசனத்தைக் கொடுத்த மூன்று பேரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அன்பாகத்தான் கொடுத்திருப்பார்கள். விசுவாசிகள் நடுவில் மிகவும் பிரபலமான வசனங்களில் அது ஒன்று, ஒரு பெரிய முடிவு எடுக்கப்போகிறவருக்கு மூன்று பேர் அதையே கொடுப்பது அப்படியொன்றும் அபூர்வமும் இல்லை. அது ஆறுதலுக்காகக் கொடுக்கப்பட்டதா, அனுமதிச் சீட்டாகக் கொடுக்கப்பட்டதா என்பதை அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"நான் கேட்டது தவறா, அவர் சொன்னது தவறா?" இரண்டில் ஒன்றுதான் என்று உங்களை நீங்களே ஒரு மூலையில் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். வேதத்தில் வருகிறவர்களின் வாழ்க்கை அவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிரிவதில்லை. தாவீது ராஜா ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். நாத்தான் தீர்க்கதரிசியே, மனதில் உள்ளதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே வேறு செய்தி வந்தது, கட்டப்போவது மகன் என்று. தாவீதின் ஆசை கெட்ட ஆசை என்று யாரும் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 8-இல், அந்த எண்ணம் அவர் மனதில் இருந்தது நல்லதுதான் என்று கர்த்தரே சொன்னதாக சாலொமோன் நினைவுகூர்கிறார். நல்ல எண்ணம், ஆனாலும் நடக்கவில்லை. அப்போஸ்தலர் பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை. மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லித் தரிசனம் வந்தது. உடனே கிளம்பினார். அங்கே பிலிப்பியில் முதுகில் அடியும், கால்கள் தொழுமரத்திலும். தெளிவான வழிநடத்துதல்தான், ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஜெயில். அப்புறம் ரோமருக்கு எழுதும்போது ஸ்பானியாவுக்குப் போகப்போகிறேன், வழியில் உங்களைப் பார்க்கிறேன் என்று திட்டம் போட்டு எழுதுகிறார். செசரியாவில் இரண்டு வருஷம் காவல், மெலித்தா தீவருகே கப்பற்சேதம், கடைசியில் ரோமுக்குக் கைதியாக. ஸ்பானியா போனதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, ஒரு காரியம் நின்றுபோனதை வைத்து, தொடக்கமே தவறு என்று தீர்ப்பு எழுத முடியாது. இதில் நம் மூளையும் நமக்கு எதிராக வேலை செய்யும். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு தெரிந்த பிறகு மனிதர்கள் "இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தது" என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள் என்று காட்டினார். பின்னால் வந்த தகவல் முன்பே தெரிந்திருந்ததுபோலவே மனம் கதையைத் திருத்தி வைத்துக்கொள்ளும். இன்றைக்கு 3 மணிக்கு விழித்துக்கொண்டு, அந்த அடையாளத்தைக் கவனித்திருக்கலாமே, இந்த எச்சரிக்கையைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் தேடுவது அதுதான். அன்று உங்களிடம் இருந்தது அன்றைய வெளிச்சம் மட்டுமே.

அதே சமயம், வாடகை ஏறியதும் ஆசிரியைகள் விலகியதும் ஆவிக்குரிய மர்மங்கள் அல்ல. கையிருப்பில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருந்தது, வாடகை ஒப்பந்தத்தில் ஏற்றத்துக்கு வரம்பு இருந்ததா, ஆசிரியைகள் ஏன் விலகினார்கள், அவர்களிடம் நேராகக் கேட்டீர்களா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தொழில் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். சில தவறுகள் உங்களுடையதாக இருக்கும். இருக்கட்டும். தொழிலில் செய்த தவறைத் தொழில் தவறு என்று ஒப்புக்கொள்வது, அதைத் தேவ கோபம் என்று சுமப்பதைவிட எவ்வளவோ இலேசு.

சபையில் அந்த இரண்டு பேர் சொன்னதைப் பற்றி. 1966-இல் மெல்வின் லெர்னர், கரோலின் சிமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதுபோலப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள், உண்மையில் அது நடிப்பு. அவளுக்கு உதவ வழியில்லை, துன்பம் தொடரும் என்று தெரிந்தபோது, பார்த்தவர்கள் அவளைப் பற்றி மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது, நல்லவர்களுக்கு நல்லதுதான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களால் காரணமில்லாத துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. பட்டவரிடமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தங்களுக்கு அது நேராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். உங்களிடம் மறைவான பாவம் இருக்கிறதா என்று கேட்டவர் உங்களைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் இதையேதான். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அது அவர்கள் செய்த நல்ல காரியம். பேசத் தொடங்கினார்கள், கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது கத்திக் கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவரிடம்.

"இதைவிடப் பெரிதாக வைத்திருக்கிறார்" என்பது மென்மையான வார்த்தைதான், ஆனால் அதுவும் ஒரு விளக்கமே. இழந்ததைப் பற்றி அழ நேரம் கொடுக்காமல் அடுத்ததைக் காட்டுகிற விளக்கம். அதோடு, அந்தப் பெரியது வராவிட்டால் என்ன செய்வது? நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள், வேலை போனது, அதைவிட நல்ல வேலை வந்தது என்றுதான் முடிக்கிறார்கள். வேலை போனது, இன்னும் வரவில்லை, ஆனாலும் இங்கே வந்திருக்கிறேன் என்று யாராவது எழுந்து சொன்னால் அதையும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் பக்குவம் நமக்கு வர வேண்டும். உங்களுக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களிடம் வாதாடத் தேவையில்லை. "ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஏன் இப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவரை மறுபடி நம்ப முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆகவே தண்டனையா, சோதனையா, பெரியதற்கான தயாரிப்பா என்று விளக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறீர்கள், எதுவும் பொருந்தவில்லை. விளக்கம் கிடைக்காமலேயே நம்ப முடியும். யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவே இல்லை, முதல் இரண்டு அதிகாரத்தில் நடந்தது நமக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. தானியேல் புத்தகத்தில், சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபரும், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று சேர்த்துச் சொன்னார்கள். அவர்கள் கையில் அந்த நேரத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைத்துக்கொண்டு அவரோடு தொடர்பை அறுக்காமல் இருப்பது, அவ்வளவுதான் இப்போது உங்களிடம் கேட்கப்படுகிறது. அமைதியாக உணர வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

கோபம்தான் வருகிறது என்கிறீர்கள். அதையே சொல்லுங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல் என்று வேத அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் உங்களுக்குத் தெரியும், அது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வசனம் வரை இருட்டுதான், ஒரு "ஆனாலும்" கூட இல்லை. அதைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியவில்லை, ஆராதனைப் புத்தகத்திலேயே வைத்தார்கள். சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, ஏன் கைவிட்டீர் என்ற கேள்விதான்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதக்காரர் செய்வதுபோல முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதுங்கள். பிறகு குற்றச்சாட்டு, மழுப்பாமல், ஜெப நடையில் இல்லாமல், நீங்கள் பேசுகிற தமிழில். பிறகு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கடைசியில் துதி வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் 88-ஆம் சங்கீதம்போல அங்கேயே நிறுத்திவிடலாம். 3 மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டு இதைச் செய்யாதீர்கள், பகலில் ஒரு நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். இரவில் தனியாக அசைபோடும்போது அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். எழுதும்போது அது எங்கேயாவது நகரும்.

கடவுளோடு இப்படிப் போராடுவது தீராமல் நீள்வது நல்லதல்ல என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரின் தலைமையில் 2001-இல் வெளியான ஆய்வு, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், அவருக்கு என்மேல் அன்பில்லை என்ற போராட்டத்தில் இருந்தவர்களிடையே இறப்பு விகிதம் ஓரளவு கூடுதலாக இருந்தது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை, அவர்கள் வயதானவர்கள், ஏற்கெனவே நோயாளிகள். போராட்டம் தீராமல் நீண்டுகொண்டே போனவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் தெரிந்தது என்று அதே குழுவினரின் பிந்தைய ஆய்வு காட்டியது. தனியாகச் சுமக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இப்படிப்பட்டவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. அன்னை தெரசா எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. அவ்வளவு வேலை செய்த அவர், பல பத்தாண்டுகள் தேவ பிரசன்னத்தை உணராமலே ஜெபித்திருக்கிறார். அதைத் தம்முடைய ஆவிக்குரிய ஆலோசகர்களிடம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எழுத ஆள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது உங்கள் மனைவி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை திரும்பிப் படித்த வரி அவர்களைப் பற்றியதுதான். "ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன், நம்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒருமையில். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எங்கும் இல்லை. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். "இது தேவசித்தம்" என்று ஒரு கணவர் வீட்டில் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் மனைவி எழுப்பக்கூடிய எந்தச் சந்தேகமும் உங்களுக்கு எதிரானதாக இருக்காது, கர்த்தருக்கே எதிரானதாக ஆகிவிடும். கடனைப் பற்றிப் பயந்திருந்தால்கூட அதை எங்கே போய்ச் சொல்வது? அவர்கள் அன்று குறை சொல்லாததும் இன்று குறை சொல்லாததும் ஒரே மௌனமாக இருக்கலாம். அது பெருந்தன்மையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்பதில் தொடங்காதீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். "இதில் நீ எதை இழந்தாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள். அவர்கள் கோபப்பட்டால் நல்லது. ஒன்றும் சொல்லாவிட்டால், இன்னொரு நாள் மறுபடி கேட்பேன் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே இன்னொரு நாள் கேளுங்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். 9 வயதுப் பிள்ளை அப்படிக் கேட்கும்போது, பெரும்பாலும் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கும்: நான் சரியாக ஜெபம் பண்ணவில்லையோ, என்னால்தான் இப்படி ஆனதோ? அந்த வயதில் வீட்டில் நடக்கும் எதற்கும் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வது சகஜம். ஆகவே முதலில் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். பிறகு இப்படிச் சொல்லலாம்: "கேட்டார்னுதான் அப்பா நம்புறேன். ஏன் இப்படி ஆச்சுன்னு அப்பாவுக்குத் தெரியலை. அப்பாவுக்கும் வருத்தமாத்தான் இருக்கு. நீ ஜெபம் பண்ணினதில ஒரு குறையும் இல்லை." அப்பாவுக்குத் தெரியாது என்பதைக் கேட்டுப் பிள்ளைகளின் விசுவாசம் ஆடிப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த பெற்றோரின் பிள்ளைகள், பின்னால் தங்களுக்கு ஒரு பதில் கிடைக்காதபோது திகைத்துப் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவளோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாத நாளில், அவள் ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் சொன்னால் போதும்.

வேலை விஷயத்தில் நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கடன் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைத்துக்கொண்டே பிரசங்கித்தார், அதை யாரும் அழைப்பை விட்டு ஓடினதாகச் சொல்லவில்லை. பாபிலோனில் வீடு கட்டச் சொன்னதும் எருசலேமை மறக்கச் சொன்னதல்ல.

நான் மேலே சொன்ன பார்கமென்ட் 1988-இல் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில், பிரச்சினை வரும்போது விசுவாசிகள் மூன்று விதமாக நடந்துகொள்வதாகப் பிரித்தார். கடவுள் கொடுத்த புத்தியை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் ஒரு வகை. எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. அவரோடு சேர்ந்து செயல்படுகிறவர்கள் மூன்றாவது வகை. மனிதனால் எதுவும் செய்ய முடியாத இடத்தில் இரண்டாவது உதவும், சிகிச்சை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களைப்போல. மற்ற இடங்களில் மூன்றாவதுதான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் மையத்தைத் தொடங்கும்போது மூன்றாவது வகையில் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். மூடிய பிறகு இரண்டாவதுக்கு நழுவிவிட்டீர்கள், இன்னொரு அடையாளம் வரட்டும் என்று. வேலைக் கடிதம் கையில் இருக்கும்போது வானத்திலிருந்து இன்னொரு கடிதம் எதிர்பார்க்கத் தேவையில்லை. கிதியோனும் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, அதில் பனி இறங்குகிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்டாரே என்று யாராவது சொன்னால், அவர் செய்ய வேண்டியதை முன்பே சொல்லியாகிவிட்டது, பயத்தினால்தான் மறுபடி கேட்டார் என்று அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக உங்கள் மனம் இரங்கியது மையத்தோடு மூடிப்போகாது. பிறகு ஒருநாள், வாரக் கடைசியில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். இப்போதே அதற்கு ஒரு திட்டம் போட்டு, கர்த்தருடைய பெயரை அதன்மேல் எழுதாதீர்கள். இந்த வருஷம் கடனை அடைப்பது, இரவில் தூங்குவது, மனைவியோடு பேசுவது, இவை போதும்.

வேதபாட வகுப்பிலிருந்து சில மாதம் விடுப்புக் கேளுங்கள். போதகர் காரணம் கேட்டால் உடம்பு சரியில்லை என்று மழுப்பாமல், நடந்ததையும், ஜெபிக்க முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர் உடனே ஒரு வசனத்தை எடுத்து நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், வேறொரு ஆளைத் தேடலாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மாதம் ஒருமுறையாவது பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அதற்கு முன்னால் மருத்துவரிடம் போக ஒரு நாள் குறித்துவிடுங்கள், இந்த வாரத்திலேயே.